பழைய ஊர்திகளும் பழகாத திருகாணிகளும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விச் சங்கத்தின் விழாவில் திருகாணிக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணலாம். நம் இளைஞர் பலர் வாகனப் பட்டறைகளில் கைத்திறனால் வாழ்கின்றனர். அக்கைத்திறனோடு அளவறிவும் சேர வேண்டும் என்பதே நாம் சொல்ல வந்த செய்தி.

பழைய கார் ஒன்றைப் பிரிக்கையில் திருகாணியின் தலை சிதைந்துவிட்டால், அதே வகை ஆணி கிடைப்பது அரிது. அப்போது பழி யார்மேல் விழுகிறது? சொல்லித் தராதவர் மேலன்று. "பையன் கெடுத்துவிட்டான்" என்று எடுபிடியின் மேல் விழுகிறது. ஆதலின் ஆணியை அறிவது நம் மானத்தைக் காப்பதுமாகும்.

1940, 1950களின் அமெரிக்கக் கார்கள் சிலவற்றில் உடுக்கை வடிவக் குழி கொண்ட திருகாணிகளைக் காணலாம். இவற்றிற்குக் 'கிளட்ச் ஹெட்' என்று பெயர். கனடாவில் ராபர்ட்சன் என்பவர் 1908-இல் சதுரக் குழி ஆணியை உருவாக்கினார். அங்குச் செய்யப்பட்ட ஃபோர்டு மாடல் டி வண்டிகளில் அது பயன்பட்டது. இவற்றில் நட்சத்திரத் திருப்புளியைத் திணிப்பது வீண்.

நட்சத்திரக் குழியும் ஒரே வகையன்று. பிலிப்ஸ், பொசிட்ரைவ், ஜப்பானிய முறை என அவை வேறுபடும். பொசிட்ரைவ் ஆணியின் தலையில் நான்கு கைகளுக்கிடையே மெல்லிய கோடுகள் இருக்கும். பழைய ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் ஆணியைப் பிலிப்ஸ் திருப்புளியால் முறுக்கினால், முனை மேலேறி வழுக்கிக் குழியைத் தின்றுவிடும்.

தலையைப் போலவே மரையும் வேறுபடும். அரை அங்குல விட்வொர்த் போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரைகள். அதே பருமனுள்ள அமெரிக்கப் பெருமரைப் போல்ட்டில் 13. முன்னதன் கோணம் 55 பாகை, பின்னதன் கோணம் 60 பாகை. விட்வொர்த் ஸ்பானரில் பொறித்த எண் போல்ட்டின் பருமனைக் குறிக்குமேயன்றி, ஸ்பானர் வாயின் அகலத்தைக் குறிக்காது. திருவொற்றியூரில் உருவான பழைய புல்லட் வண்டிகளிலும் பிரிட்டிஷ் மரைகள் உண்டு என்பதை நினைவிற் கொள்க.

கழற்றும் முறை இது: முதலில் குழியிலுள்ள வண்ணத்தையும் அழுக்கையும் சுரண்டி, வகையை அறிக. துருவிளக்கும் எண்ணெய் இட்டு ஓர் இரவு ஊறவிடுக. பொருந்தும் முனையை நேராக நிறுத்திச் சுத்தியலால் இலேசாகத் தட்டுக. சிறிதளவு இறுக்கிப் பார்த்த பின்னரே தளர்த்துக. அசையாவிடில், அடிக்கும்போதே திரும்பும் இம்பாக்ட் டிரைவரைக் கையாள்க. பெட்ரோல் தொட்டிக்கும் குழாய்களுக்கும் அருகே நெருப்பு வேண்டா. துளையிட்டு எடுப்பது இறுதி வழி. கழற்றிய ஆணிகளைப் பையிலிட்டு, எவ்விடத்தவை என எழுதி வைக்க.

விட்வொர்த் 1841-இல் தம் அளவுமுறையை முன்வைக்கும் வரை, ஒரு பட்டறையின் நட் மற்றொரு பட்டறையின் போல்ட்டில் ஏறாது. செய்தவனே கழற்ற வேண்டும். அளவு எழுத்தில் வந்த பின், அது படிப்பவர் எவர்க்கும் உரியதாயிற்று. ஆயினும் நம் நாட்டில் உழைக்கும் கை வேறு, அளவறியும் கண் வேறு என்று பிரித்தே வைத்தனர். சாதி தொழிலாளர்களையே பிரிக்கிறது என்பதை அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். அப்பிரிவைப் பட்டறைக்குள் உடைக்கும் வேலை நம்முடையது.

இளைஞர்களே! திருப்புளியோடு ஒரு மரையளவியும், ஒரு குறிப்பேடும் உங்கள் பையில் இருக்கட்டும். "இது இன்ன வகை, இதற்கு இன்ன கருவி வேண்டும்" என்று தலைநிமிர்ந்து கேளுங்கள். அறிந்து கேட்பவனை எவரும் எடுபிடி என அழைக்க இயலாது.