படம் எடுப்பீர்; பெயரும் கேட்பீர்!

(நெல்லை மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றின் இயற்கை மன்றத் தொடக்க விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிறுதோறும் நம் குளக்கரைகளில் நடந்து, பறவைகளைக் கண்டு, ஒளிப்படம் எடுத்துப் பட்டியலிடுவதென இம்மன்றத்தார் முடிவு செய்திருக்கின்றனர். நல்ல முடிவு. ‘இதில் தமிழாசிரியனுக்கு என்ன வேலை?’ எனச் சிலர் எண்ணக்கூடும். வேலை உண்டு. மாணவர் எடுத்த படங்கள் இம்மண்டபத்தின் வாயிற் சுவரில் ஒட்டப்பெற்றுள்ளன. படங்கள் மிக அழகியவை. ஆனால், அவற்றின்கீழ் எழுதப்பெற்ற பெயர்களுள் ஒன்றேனும் தமிழாக இல்லை. ‘பிளாக் டிராங்கோ’ என எழுதிய மாணவனை அழைத்து, “தம்பி, இதனை உன் பாட்டி என்னவென்று சொல்லுவார்?” என்று கேட்டேன். “கரிச்சான்” என்றான், உடனே. பெயர் அவனுக்குத் தெரியும், எழுதத்தான் நாணுகின்றான். இந்த நாணத்தை அவனுக்கு ஊட்டியவர் யார்? நாம்தாம்.

கரிச்சானுக்குக் கரிக்குருவி என்றும் இரட்டைவால் குருவி என்றும் பெயருண்டு. பழைய நிகண்டுகளில் வலியன் என்றும் ஒரு பெயர் காணப்படும். ஒரு சாண் உடம்பு கொண்ட இக்குருவிக்கு வலியன் என்று ஏன் பெயரிட்டனர்? அது கூடு கட்டியிருக்கும் மரத்தருகே காக்கையோ பருந்தோ வரட்டும், அப்போது தெரியும். தன்னைப்போற் பன்மடங்கு பெரிய பறவையை வானில் துரத்தித் துரத்திக் கொத்தும். அதனை நின்று பார்த்தவனன்றி வேறெவனும் அப்பெயரை இட்டிருக்க முடியாது.

அன்பர்களே, நான் சொல்ல வந்த செய்தி இதுவே. தமிழ்ப் பறவைப் பெயர் பலவும் வெறும் அடையாளச் சீட்டுகள் அல்ல. ஒவ்வொன்றும் கண்ணாற் கண்ட ஒரு செய்தி.

வயல்களில் கூட்டமாக இறங்கும் ஒரு நாரை உண்டு. அதன் அலகின் இரு பாதிகளும் நடுவிற் பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். ஆங்கிலத்தார் அவ்விடைவெளியைக் கண்டு, ‘திறந்த அலகு’ என்னும் பொருளில் பெயரிட்டனர். இறந்த பறவையை மேசைமேற் கிடத்திப் பார்த்தாலும் அப்பெயரை இட்டுவிடலாம். நம் உழவனோ அதனை நத்தைகுத்தி நாரை என்றான். சேற்றில் அலகை நுழைத்து, நத்தையைப் பற்றி, ஓட்டினுள்ளிருந்து தசையை வாங்கி விழுங்கும் அதன் தொழிலை வரப்பில் நின்று பார்த்தவன் அவன். மாட்டின் பின்னே நடந்து, அதன் மேலுள்ள உண்ணியையும் அதன் காலடியிற் கலைந்தெழும் பூச்சிகளையும் தின்னும் கொக்கு உண்ணிக்கொக்கு. ஆள் வருவதைக் கண்டதும் கத்தி ஊரையே எழுப்பும் பறவை ஆள்காட்டி. அதன் ஆங்கிலப் பெயரோ கண்ணருகே தொங்கும் சிவந்த தசையைத்தான் சொல்கிறது. உடம்பை நீருள் அமிழ்த்திக் கழுத்தை மட்டும் பாம்புபோல் நீட்டி நீந்துவது பாம்புத்தாரா. மடையருகே அசையாமல் நின்று, நீரோடு வரும் சிறுமீனுக்குக் காத்திருப்பது மடையான். மடையிலிருந்தே அப்பெயர் பிறந்தது என்பது என் கருத்து. அறிவிலியைக் குறிக்கும் மடையன் என்னும் சொல்லோடு அதனைக் குழப்பிச் சிரிப்பாரும் உளர். அப்பறவையின் பொறுமையைச் சிறிது நேரம் நின்று பார்த்தால் அச்சிரிப்பு அடங்கிவிடும்.

ஆங்கிலத்தாரை நான் குறைகூற வரவில்லை. அவர்தம் நாட்டிலும் உழவனும் மீனவனும் இட்ட பெயர்கள் பல அவர்தம் நூல்களில் மதிப்போடு வாழ்கின்றன. நாம் வாலாட்டி என்பதை அவர்களும் வாலாட்டி என்றே தம் மொழியிற் சொல்கின்றனர். தம் பாட்டன் இட்ட பெயரை அவர்கள் போற்றுகின்றனர். நாமும் அவர்தம் பாட்டன் இட்ட பெயரையே போற்றுகின்றோம். குறை அவர்களுடையதன்று.

இனிக் கழக இலக்கியத்துக்கு வருவோம். அன்றில் என்னும் பறவையை அறியாத தமிழ் மாணவர் இலர். துணை பிரிந்தால் உயிர் வாழாது என்று படித்திருப்பீர்கள். அதனை ஏதோ கற்பனைப் புள் என எண்ணிக் கடந்து போனவர்களே மிகுதி. ஆனால், நம் புலவர்கள் அதன் அங்க அடையாளங்களைத் தெளிவாகத் தந்திருக்கின்றனர்: நெருப்பன்ன சிவந்த தலை, இறால்மீன் போல் வளைந்த அலகு, பனைமரத்து உச்சியில் கூடு, எப்போதும் இணையாக வாழும் இயல்பு. இவற்றையெல்லாம் கையிற் கொண்டு தேடியவர்களுள் தலையாயவர் பி.எல். சாமி அவர்கள். புதுவையில் அரசுப் பணி ஆற்றிக்கொண்டே, ‘சங்க இலக்கியத்தில் புள்ளின விளக்கம்’ என்னும் அரிய நூலைத் தந்தவர் அவர். கரிய உடலும், உச்சந்தலையில் செந்நிறத் தோலும், அரிவாள்போல் வளைந்த மூக்கும் உடைய அரிவாள் மூக்கன் வகைப் பறவையே அன்றில் என்பது அறிஞர் கண்ட முடிவு. குளத்தை விட்டு விலகிய வறண்ட வயல்களிலும் அது இரை தேடும். உயர்ந்த மரங்களிற் கூடு கட்டும். அதன் கூவல் நெடுந்தொலைவு கேட்கும். நம் மாவட்டத்துப் பனங்காட்டில் நின்று நீங்களே அதனைப் படம் எடுக்கலாம். இரண்டாயிரம் ஆண்டுப் பழமையான ஒரு சொல்லுக்கு உரை எழுத, உங்கள் கையிலுள்ள ஒளிப்படக் கருவியால் முடியும்! இதனினும் பெரிய தமிழ்த்தொண்டு என்ன வேண்டும்?

சத்திமுற்றப் புலவர் நாரையைத் தூதுவிட்ட பாட்டும் அத்தகையதே. செந்நிறக் கால், செந்நிறக் கூரலகு, துணையோடு தென்கோடி வரை வந்து மீண்டும் வடக்கே செல்லும் வழக்கம் எல்லாம் அதில் உள்ளன. பறவைகள் பருவந்தோறும் வலசை வருவதை வறுமையுற்ற புலவர் ஒருவர் எவ்வளவு உன்னிப்பாக அறிந்திருக்கின்றார், பாருங்கள்.

பெயர் போனால் என்ன போகும் என்று கேட்பாருக்கு ஒன்று சொல்வேன். செர்டன் என்னும் ஆங்கிலேயப் படைமருத்துவர், 1862 முதல் 1864 வரை வெளிவந்த தம் இந்தியப் பறவை நூலில், ஊர்மக்கள் வாயிற் கேட்ட தமிழ்ப் பெயர்களையும் குறித்து வைத்தார். அவற்றுள் ஒன்று வரகுக்கோழி. கானமயில் குடும்பத்தைச் சேர்ந்த சிறிய பறவை அது. புல்வெளியிலும் புன்செய்ப் பயிரிடையிலும் மறைந்து வாழ்வது. கூடல் பருவத்தில் ஆண்பறவை புல்லின் மேலே துள்ளித் துள்ளி எழும். வரகு விளைந்த நிலத்திற் கண்டதனால் வரகுக்கோழி ஆயிற்று. இன்று வரகு விதைப்பார் அருகினர். மேய்ச்சல் நிலம் மனைநிலமாயிற்று. வரகுக்கோழியைத் தமிழகத்திற் காண்பது மிக அரிது. கானமயிலோ தமிழகத்தில் அறவே இல்லை; இராசத்தானத்துப் புல்வெளிகளில் எஞ்சியவையும் மிகச் சில. இதிற் கொடுமை யாதெனில், அவை போனதை நாம் அறியவே இல்லை! ‘கானமயில்’ என்று படிக்கும் மாணவன் காட்டில் வாழும் மயில் என்றே பொருள் கொள்கிறான். பெயரின் பொருள் முன்னே மறந்தது. ஆகவே பறவை போனபோது அழுவாரும் இலராயினர்.

நம்மவர் செய்யும் பிழை ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். தனித்தமிழ் அன்பர் சிலர் ஆங்கிலப் பறவை நூலை மேசைமேல் விரித்து, ஒவ்வொரு பெயரையும் சொல்லுக்குச் சொல் பெயர்த்து வெளியிடுகின்றனர். அவர்தம் ஆர்வம் போற்றத்தக்கது, முறை தவறு. ஊரில் வழங்கும் பெயர் இருக்க, அதனைக் கேளாமல் புதுப்பெயர் படைப்பது மொழிக்கு ஆக்கமன்று. தமிழகத்தின் மாநிலப் பறவையாகிய மரகதப்புறாவின் பெயரே ஆங்கிலத்தின் நேர்ப்பெயர்ப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. மரகதம் தமிழ்ச் சொல்லும் அன்று. தமிழ்ப்பெயர் கிடையாத பறவைகள் உள்ளன. வலசை வரும் சிறு குருவிகள் பலவும் அத்தகையன. அவற்றுக்குப் புதுப்பெயர் வேண்டும்தான். அதனையும் பறவையை நேரிற் கண்டபின் ஆக்குவோம். ஆட்பெயரைப் பறவைமேல் ஏற்றுவதும் வேண்டா. அமெரிக்கப் பறவையியலாரே அத்தகைய ஆங்கிலப் பெயர்களை மாற்றுவதென 2023-இல் முடிவெடுத்திருக்கும்போது, நாம் ஏன் அவற்றைத் தூக்கிச் சுமக்க வேண்டும்?

ஒரே பறவைக்கு ஓரூரில் செம்போத்து, மற்றோரூரில் செண்பகம் என வேறு வேறு பெயர் இருந்தால் என் செய்வது? இரண்டையும் எழுதுங்கள். எந்த ஊரில், எவர் வாயிற் கேட்டது என்பதையும் எழுதுங்கள். அறிவியலார் வழங்கும் இலத்தீன் பெயரையும் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம். அஃது உலகத்தார்க்குப் பொதுவான குறியீடு, அதனோடு நமக்குப் பூசல் இல்லை.

இனிப் படம் எடுக்கும் முறை. கருவிகளைப் பற்றி என்னினும் நீங்கள் நன்கறிவீர்கள். மா. கிருட்டிணன் (1912–1996) அவர்களை மட்டும் நினைவூட்டுவேன். நெல்லையிற் பிறந்தவர், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர், பல கருவிகளின் உறுப்புகளைத் தாமே இணைத்து அமைத்த ஒரு கருவியைத் தூக்கிக்கொண்டு காடெல்லாம் நடந்து, கறுப்பு வெள்ளைப் படங்களால் காட்டுயிர்களின் வாழ்வைக் காட்டியவர். விலை உயர்ந்த கருவி இல்லையே எனக் கவலுறும் பிள்ளைகள் அவரைப் பற்றிப் படியுங்கள்.

இன்று சிலர் செய்வதைக் கண்டு நெஞ்சு பதைக்கிறது. கூட்டை மறைக்கும் கிளையைப் படத்துக்காக ஒடிக்கின்றனர். நிழல் இழந்த குஞ்சு வெயிலில் வாடும். காக்கைக்கும் கண்ணிற் படும். கைப்பேசியில் பறவையின் குரலை ஒலிக்கச் செய்து, எதிரி வந்ததென மயங்கி வரும் ஆண்பறவையைப் படம் எடுக்கின்றனர். அது தன் குஞ்சுக்கு இரை தேட வேண்டிய நேரத்தை, இல்லாத பகைவனைத் தேடுவதிற் கழிக்கின்றது. சிறந்த போட்டிகள் பல கூட்டுப் படங்களை ஏற்பதே இல்லை. நம் மன்றச் சுவரிலும் அவை வேண்டா.

கூந்தன்குளத்தைப் பாருங்கள். 1994-இல் அரசு அதனைப் பறவைப் புகலிடமாக அறிவித்தது. பின்னர் உலக ஈரநிலப் பட்டியலிலும் அது சேர்ந்தது. ஆனால், அறிவிப்புக்கு நெடுநாள் முன்பே அவ்வூர் மக்கள் பறவைகளைக் காத்தனர். வீட்டு முற்றத்து மரத்திற் கூடு கட்டும் நாரையையும் கூழைக்கடாவையும் விரட்டார், வெடி வெடியார், பறவை வந்தால் மழையும் விளைவும் வரும் என நம்புவர். பறவையின் எச்சம் கலந்த குளத்து நீரும் வண்டலும் அவர்தம் வயலுக்கு உரமாகின்றன. இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்தும் அக்குளத்தில் அச்சமின்றி இறங்குகிறது.

பொருநைப் பாசனக் குளங்களில் 2011 முதல் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. பொங்கல் விடுமுறையில் தமிழகம் முழுதும் பறவைப் பட்டியல் எடுக்கும் வழக்கமும் வந்திருக்கிறது. இவ்வாண்டு நம் மன்றமும் அவற்றிற் சேரும் என்று தலைமையாசிரியர் இசைவளித்துள்ளார்.

வரும் ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குப் பெரியகுளத்து மறுகால் அருகே கூடுவோம். வெள்ளுடை வேண்டா, நம் இயக்கத்தார்க்கு அது சிறப்புடை எனினும், கொக்கைத் தவிர வேறெதற்கும் குளக்கரையில் அது பொருந்தாது. பழுப்போ பச்சையோ உடுத்து வருக. கதிரவனை முதுகுப்புறம் வைத்து, கரைச்சரிவில் அமர்ந்து, பறவையின் கண்மட்டத்தில் படம் எடுங்கள். அது கழுத்தை நிமிர்த்தினால் அவ்விடத்திலேயே நின்றுவிடுங்கள். கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். அதில் நாள், இடம், எண்ணிக்கை, பறவை செய்துகொண்டிருந்த செயல் ஆகியவற்றோடு, ‘ஊர்ப்பெயர்’ என்றொரு பத்தியும் கோடிட்டு வருக. நம் குளத்தின் மடைக்காவலர் எழுபது அகவை கடந்தவர். நம்மோடு நடக்க இசைந்திருக்கிறார். வாத்து மேய்ப்பவர் இருவரும் அங்கு வருவர். அவர்கள் சொல்லும் பெயரைத் திருத்தாமல், சொன்னவாறே எழுதிக்கொள்ளுங்கள்; சொற்பிறப்பைப் பிறகு நாம் உட்கார்ந்து ஆராய்வோம்.