மர்லினின் ஐம்பது முகங்கள்



1962 ஆகஸ்டு 5ஆம் நாள் விடியுமுன், திரைநடிகை மர்லின் மன்றோ லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தம் இல்லத்தில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். அகவை 36. உறக்க மருந்தை மிகையாக உட்கொண்டதே காரணம். அடுத்த சில வாரங்களில் நியூயார்க் ஓவியர் ஆண்டி வார்ஹால் உருவாக்கத் தொடங்கிய படங்களுள் ஒன்று 'மர்லின் இரட்டைப் பலகை'. லண்டன் டேட் காட்சியகத்தின் உடைமையாக அது இன்று உள்ளது.

இரங்கல் ஓவியமென்றால் கிடத்திய உடலையோ சுற்றி அழுவோரையோ எதிர்பார்ப்போம். இதில் இரண்டும் இல்லை. 'நயாகரா' (1953) திரைப்படத்தின் விளம்பர நிழற்படம் ஒன்றை, முகமும் கழுத்துமே எஞ்சும்படி வெட்டி, பட்டுத்திரை அச்சில் ஐம்பது முறை பதித்திருக்கிறார். இடப்பாதியில் 25 முகங்கள்: செம்மஞ்சள் பின்னணி, மஞ்சள் கூந்தல், நீல இமை, சிவந்த இதழ். வலப்பாதியின் 25 முகங்களிலோ கறுப்பு மை மட்டுமே. ஓரிடத்தில் மை திரண்டு முகத்தையே மூடுகிறது. வலவோரம் நெருங்க நெருங்க மங்கிக் கண்ணும் வாயும் நிழலாய்த் தேய்கின்றன.

இடப்பக்கம் வாழ்வு, வலப்பக்கம் சாவு என்று பொருள் உரைப்பது வழக்கம். எளிய விளக்கம், போதாத விளக்கம். இடப்பக்கத்தை ஊன்றி நோக்குக. நிறங்கள் திட்டுத்திட்டாக அப்பிக்கிடக்கின்றன. கோட்டுக்குள் அடங்காமல் வழிகின்றன. உயிருள்ள முகத்தின் நிறமன்று அது. அமெரிக்கச் சவச்சாலைகளில் பிணத்துக்குச் செய்யும் ஒப்பனையை ஒத்தது. அந்தப் பெண் அங்கும் இல்லை.

பாரி மாய்ந்தபின் கையறுநிலை பாடிய கபிலர், அவனோடு உடனிருந்த நண்பர். மர்லினுக்காக அழுதோரில் மிகப் பலர் அவரைக் கண்டறியார். அச்சிட்ட முகத்தையே அறிவர். அந்த அழுகை பொய்தானா? ஓவியம் அவ்வாறு கூறவில்லை. அவர்களிடம் இருந்தது எதுவோ, அதையே எடுத்து, அதுவே தேய்ந்தழிவதைக் காட்டுகிறது.

இறந்தவளையும் சந்தைப் பொருளாக்கிவிட்டார் என்று கடிவோர் உண்டு. அதில் நியாயமும் உண்டு. அதே ஆண்டில் சூப் டப்பாக்களை வரிசையிட்ட கைதானே! எனினும் வார்ஹால் பிட்ஸ்பர்க் நகரில் பைசாந்தியக் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். புனிதர் திருவுருவங்கள் வரிசை வரிசையாய் நிற்கும் பீடத்திரையைச் சிறுவயதிலேயே கண்டவர். இரு பலகை இணைத்த படமும் ஐரோப்பியத் தேவாலய மரபே. அங்கே ஒரே உருவை மீண்டும் மீண்டும் நோக்குதல் வழிபாடு.

வலவோரத்து முகங்களை மங்கச் செய்தது தூரிகையன்று. அச்சில் மை குறைந்தது, முகமும் குறைந்தது. மறுபடி மையிட்டுத் தெளிவாகப் பதித்திருக்கலாம். வார்ஹால் அப்படியே விட்டுவிட்டார்.