மணப்பொருத்தமும் மருத்துவச் செலவும்



காப்பீடு இல்லாதவர்களின் மருத்துவச் செலவு பொருளாதார அறிஞர்கள் பேசும் பொருள். உயிர்கள் தம் துணையை எப்படித் தேர்கின்றன என்பது உயிரியலார் பேசுவது. இரண்டையும் ஏன் ஒரே கருத்தரங்கில் கட்டிப்போட்டீர்கள் என்று அழைப்பிதழைப் பார்த்த நண்பர்கள் கேட்டார்கள். அரிவாளணுச் சோகை என்ற ஒரு நோயை எடுத்துக்கொண்டால் இந்தக் கேள்விக்கே இடமில்லை என்பது என் கருத்து. அதை விளக்குவதற்கே இந்தத் தலைமையுரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

இந்தியாவில் இந்த நோய்க்கான மரபணு முதலில் பதிவான இடங்களில் ஒன்று நம் நீலகிரி. 1952-இல் ஹெர்மன் லேமனும் மரீ கட்புஷும் அங்குள்ள பழங்குடிகளின் இரத்தத்தில் அதைக் கண்டார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஆந்தனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து, அது அழியாமல் நிலைத்திருப்பதற்கான காரணத்தைச் சொன்னார். தாய், தந்தை இருவரில் ஒருவரிடமிருந்து மட்டும் இந்த மரபணுவைப் பெற்றவருக்கு மலேரியா எளிதில் உயிர்க்கொல்லியாவதில்லை. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கோ சோகை, தாங்க முடியாத வலி, அடிக்கடி தொற்று. நீலகிரியின் கூடலூர், வயநாட்டுக் காடுகள் ஒரு காலத்தில் மலேரியாவுக்குப் பேர்போனவை. காய்ச்சலிலிருந்து காத்த மரபணுவுக்கான விலையைப் பேரப்பிள்ளைகள் கட்டுகிறார்கள்.

இனி துணைத்தேர்வுக்கு வருகிறேன். ஆண்மயிலுக்குத் தோகை எதற்கு என்பதற்கு டார்வின் 1871-இல் சொன்ன விடை, பெண்மயில் அதைப் பார்த்துத் தேர்கிறது என்பது. ஏன் அதைப் பார்க்க வேண்டும்? 1982-இல் ஹாமில்டனும் மார்லீன் ஜுக்கும் ஒரு விடை முன்வைத்தார்கள். இரத்தத்தில் ஒட்டுண்ணி இருந்தால் சிறகு மங்கும். ஆகவே பளபளப்பு என்பது உடல்நலச் சான்று. அவர்கள் கணக்கில் எடுத்த ஒட்டுண்ணிகளில் பறவை மலேரியாவும் உண்டு. இந்தக் கருதுகோளுக்கு ஆதரவாகவும் எதிராகவும் ஆய்வுகள் குவிந்திருக்கின்றன. அதற்குள் நான் போகவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். பறவைக்குக் கண்ணால் பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. அரிவாளணு மரபணுவை ஒற்றைப் படியாகச் சுமப்பவரிடம், நாம் ‘கேரியர்’ என்று சொல்பவரிடம், பார்க்க எதுவுமே இல்லை. நன்றாக உழைக்கிறார், நன்றாகச் சிரிக்கிறார். அப்படிப்பட்ட இருவர் மணந்தால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. இயற்கை காட்டாததை ஆய்வகம்தான் காட்ட வேண்டும்.

அந்த இடத்தில்தான் அரசு நுழைகிறது. 2023 ஜூலையில் மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தொடங்கிய தேசிய இயக்கம், 40 வயது வரையிலான சுமார் 7 கோடிப் பேரைப் பரிசோதித்து, 2047-க்குள் நோயை ஒழிக்க இலக்கு வைத்திருக்கிறது. பரிசோதிக்கப்பட்டவர்களுக்கு முடிவைக் காட்டும் அட்டை உண்டு. ஜாதகம் பார்ப்பதற்கு முன் அட்டையைப் பாருங்கள் என்று மேடைகளில் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. எனக்குத் தயக்கம் இருக்கிறது.

கிரேக்க நாட்டில் ஆர்கோமெனோஸ் என்ற ஊர். அங்கே ஏறத்தாழ நான்கில் ஒருவர் கேரியர். மணத்துக்கு முன்பே பரிசோதித்து, ஆலோசனையும் சொன்னார்கள். சில ஆண்டுகள் கழித்துப் போய்ப் பார்த்தால், கேரியர்கள் இருவர் மணந்துகொள்வது சற்றும் குறையவில்லை. மணமாகாமல் போய்விடுமோ என்று பயந்து பலர் முடிவை மறைத்திருந்தார்கள். 1970-களில் அமெரிக்காவிலும் இதே கதைதான். நோயே இல்லாத கறுப்பின கேரியர்களுக்கு வேலை மறுக்கப்பட்டது, காப்பீட்டுக் கட்டணம் உயர்த்தப்பட்டது. 1981 வரை விமானப்படைக் கல்லூரி அவர்களைச் சேர்க்கவில்லை. இந்த நோய்க்கு மூலக்கூறு அளவில் காரணம் கண்ட லைனஸ் பாலிங்கே, கேரியர்களின் நெற்றியில் பச்சை குத்தலாம் என்று 1968-இல் எழுதினார். இரண்டு முறை நோபல் பரிசு பெற்றவர்!

சைப்ரஸ் வேறு வழியில் போனது. அங்கே நோய் தாலசீமியா என்ற மற்றொரு மரபுவழி இரத்தச் சோகை. 1983 முதல் திருமணத்துக்குப் பரிசோதனைச் சான்று வேண்டுமென்று திருச்சபையே கேட்டது. ஆனாலும் இருவரும் கேரியர் என்று தெரிந்த இணைகளில் பெரும்பாலோர் மணத்தைக் கைவிடவில்லை. கருவிலேயே பரிசோதிக்கும் வசதி இருந்தது, பிறந்துவிட்ட நோயாளிகளுக்குச் சிகிச்சையை அரசு ஏற்றது. நோயோடு பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை மிகவும் குறைந்தது. உண்மையைச் சொன்னவர்கள் எதையும் இழக்கவில்லை, அதனால் சொன்னார்கள்.

நம் ஊரில் உண்மையைச் சொன்னால் என்ன கிடைக்கும்? அரிவாளணு நோயுள்ள குழந்தைக்கு வேண்டிய ஹைட்ராக்ஸியூரியா விலை அதிகமான மருந்தல்ல. அரசு மருத்துவமனையில் இலவசமாகவும் கிடைக்கும். செலவு அதைச் சுற்றி இருக்கிறது. மாதாமாதம் பேருந்து, அன்றைய கூலி, கூட வருபவரின் கூலி, இரத்தம் ஏற்றும் நாளில் வெளியே சாப்பாடு, வலி வந்த இரவில் ஜீப் வாடகை. நம் காப்பீட்டுத் திட்டங்களோ பெரும்பாலும் நோயாளி படுக்கையில் சேர்ந்த பிறகுதான் கண் திறக்கின்றன. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் இல்லாத தோட்டத் தொழிலாளிக்கு அந்தக் கதவும் திறப்பதில்லை. அவரும் ‘திட்டத்தில் உள்ளவர்’ என்று ஏட்டில் இருப்பார். சொந்தமாகக் கட்டணம் கட்டி வாங்கும் காப்பீட்டில், மரபணு நோய்க்குப் பணம் தர மறுக்கும் விதி பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018-இல் சொல்ல வேண்டியிருந்தது. மறுபுறம், 2023 டிசம்பரில் அமெரிக்கா அரிவாளணு நோய்க்கு அனுமதித்த மரபணு சிகிச்சை ஒன்றின் விலை 22 லட்சம் டாலர்.

இத்தனைக்கும் நடுவில் முன்மாதிரி ஒன்று நம் மலையிலேயே இருக்கிறது. கூடலூரில் ஆதிவாசிகளே நடத்தும் ‘அஸ்வினி’ மருத்துவமனை, அரசின் பெரிய திட்டங்கள் வருவதற்கு வெகு முன்பே, 1992-இல், தம் மக்களுக்குக் குழுக் காப்பீடு தொடங்கியது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர் எனப் பல சமூகத்தார் சிறு தொகை கட்டிச் சேர்ந்தார்கள். அரிவாளணு நோயாளிகளைத் தொடர்ந்து கவனிப்பதும் அந்த மருத்துவமனையின் பணிகளில் ஒன்று. தெரிந்த செவிலியர், தெரிந்த மொழி, கட்டணம் பற்றிய பயமின்மை: மக்கள் பரிசோதனைக்குக் கை நீட்ட இவை போதும்.

ஆகவே என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வாழ்நாள் சிகிச்சைக்குப் பொறுப்பேற்காத அரசு, இளைஞரிடம் ‘யாரை மணக்கலாம்’ என்று அட்டை நீட்டக் கூடாது. கருவூலத்தின் சுமையைக் குறைப்பது மணமக்களின் கடமையல்ல. முதலில் சிகிச்சைக்கு உறுதி, பிறகு பரிசோதனை, முடிவோ அவர்களுடையது.

இந்த இரண்டு நாளும் கட்டுரை வாசிக்கப்போகும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். மருத்துவச் செலவு என்று அட்டவணை போடும்போது மருத்துவமனை ரசீதோடு நின்றுவிடாதீர்கள். பேருந்துக் கட்டணத்தையும் போன கூலியையும் ஒரு வரியில் சேருங்கள். மணத்துணைத் தேர்வு பற்றிப் பேசுபவர்கள், முடிவை மறைத்தவர்களைக் குற்றவாளிகளாக எழுதாதீர்கள்; எதற்கு அஞ்சி மறைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைத்து, முதல் அமர்வின் கட்டுரையாளர்களை மேடைக்கு அழைக்கிறேன்.