இல்லறத்தில் இளஞ்சிறார்க்குத் தியானம்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிள்ளைகட்குத் தியானம் பயிற்றலாமோ என வினவிய பெற்றோர் சிலர், உடனே குரலைத் தாழ்த்தி, "பையன் சாமியாராகப் போய்விட்டால் என் செய்வது?" என்றும் கேட்டனர். இவ்வருணையில் அவ்வச்சம் நகைத்தற்குரியதன்று. மதுரையில் சிறிய தந்தையார் இல்லத்திலிருந்து பயின்ற வேங்கடராமன் என்னும் பதினாறாண்டு மாணவர், 1896 ஆகஸ்டு 29-ல், தண்டனையாக விதிக்கப்பட்ட ஆங்கில இலக்கணப் பாடத்தை எழுதுதல் விடுத்துக் கண்மூடி அமர்ந்தார். தமையனார் கடிந்துரைத்தார். அன்றே வீட்டை நீங்கிச் செப்டம்பர் 1-ல் நம்மூர் சேர்ந்தார். அவரே ரமண மகரிஷிகள். 1898-ல் அன்னையார் அழகம்மையார் பவழக்குன்றிற்கு வந்து அழுதழைத்தும் அவர் திரும்பிலர்.

ஆயின், தியானம் பிள்ளையைப் பிரிக்கும் என்று இதனாற் கொள்ளுதல் பொருந்தாது. அவர்க்கு எவரும் தியானம் கற்பித்தாரல்லர். பின்னாளில் அவ்வன்னையார் விரூபாக்ஷ குகையில் மகனுடன் தங்கியபோது, அப்பளம் இடத் துணைசெய்யுமாறு அழைத்தார். அவரோ 'அப்பளப் பாட்டு' இயற்றித் தந்தார். அகந்தை அதிலே உளுந்தாயிற்று. நல்லோர் கூட்டம் பிரண்டைச் சாறாயிற்று. அடுக்களையை விட்டு எழுந்து வா என்று தாயை அவர் அழைத்திலர். வேலை மிகுந்த வீட்டிற்கு, என் மதிப்பில், இதனினும் ஏற்ற பாடமில்லை.

நிற்க. காலையில் தந்தைக்குப் பேருந்து, தாய்க்கு அலுவலகம், பிள்ளைக்குப் பள்ளி வண்டி. மாலையில் தனிவகுப்பு, கைப்பேசி. இவற்றிடையே தனியறையும் தனிநேரமும் தேடுவோர் நான்கு நாளிற் கைவிடுவர். விளக்கேற்றும் வேளையே போதும். மணியை ஒருமுறை அடித்து, அவ்வொலி எவ்விடத்தே மறைகின்றது என்று கேட்கச் சொல்லுங்கள். பின்னர் ஐந்து நிமிடம் மூச்சு வருவதையும் போவதையும் கவனிக்கட்டும். மூச்சை அடக்குதல் சிறுவர்க்கு வேண்டா. கண்மூட அஞ்சும் குழந்தை சுடரை நோக்கியிருக்கலாம். அரைக்கண்ணால் தம்பியைப் பார்த்துச் சிரிப்பவனை அதட்டற்க. என் வகுப்பிலும் அத்தகையோர் பலர் உளர். பெற்றோர் உடனமர்தல் இன்றியமையாதது. தாம் கைப்பேசியைத் தடவிக்கொண்டே, "நீ போய்த் தியானம் செய்" என்னும் தந்தையின் சொல் செல்லாது.

குறும்பிற்குத் தண்டனையாகக் கண்மூடி உட்காரச் செய்வதை நான் முற்றும் வெறுக்கிறேன். பின்னர் அப்பிள்ளைக்குத் தியானம் என்னும் பெயரே கசக்கும். அங்ஙனமே, எழுதுவதை விட்டு ஒரு சிறுவன் வாளா இருப்பானாயின், சோம்பேறி என்று கடியுமுன் அருகிலமர்ந்து வினவுங்கள். அழகம்மையார்க்கு வாய்த்த பிரிவுத் துன்பத்தை நினைந்து அஞ்சும் தாய்மார்க்கு யான் கூறத்தக்கது இதுவே.

உட்கார இயலாத பிள்ளைகளும் உளர். அவர்க்குப் பூத்தொடுத்தலும் கோலமிடுதலும் உதவும். கிரிவலத்தின் பதினான்கு கிலோமீட்டரும் பேசாது நடத்தல் அவர்க்கு அரிது. எமலிங்கம் முதல் நிருதிலிங்கம் வரையேனும் குடும்பத்தோடு வாய்திறவாது நடக்கலாம். பௌர்ணமி வேண்டா, கூட்டத்தில் குழந்தை கைநழுவும். வேறொரு நாள் வைகறையிற் செல்க. நிருதிலிங்கத்தை அடைந்தபின் பிள்ளை எதைப் பேசினும் தடுக்காது கேளுங்கள்.