படத்தில் விழாத உழைப்பு

நம் நாட்டுப் பழைய வீடுகளின் சுவர்களில் ஒரு வகைப் படம் தொங்குவதை நேயர்கள் கண்டிருப்பார்கள். குடும்பத் தலைவர் நாற்காலியில் அமர்ந்திருப்பார். மனைவியார் அருகே நின்று நாற்காலியின் மீது கைவைத்திருப்பார். பிள்ளைகள் வயதொழுங்கில் நிற்பர். திருமண நாளிலும் பட்டமளிப்பு நாளிலும் படமெடுத்த குடும்பங்கள், அவ்வீட்டுப் பெண் விடியுமுன் நீர் அள்ளுவதையோ, நோயுற்ற முதியவருக்குக் கஞ்சி ஊட்டுவதையோ படமெடுக்க எண்ணியதில்லை. அஃது அன்றாட வேலை. எனவே படத்திற்கு உரியதன்று எனக் கருதப்பட்டது.

இலங்கை ஓவியரான அனோலி பெரேரா இப்படமரபையே கேள்விக்கு உள்ளாக்கினார். 2010, 2011ஆம் ஆண்டுகளில் அவர் படைத்த ஒளிப்படத் தொடரில், பழைய நிழற்பட நிலையத்துக் கோலத்திலேயே பெண்கள் அமர்ந்திருக்கின்றனர். ஆனால், அவிழ்த்த கூந்தல் அவர்தம் முகங்களை மூடியிருக்கிறது. பார்ப்பவர் எதிர்பார்க்கும் அடக்கமான அழகுமுகம் அங்கே கிட்டுவதில்லை. பெண்ணை இப்படித்தான் பார்க்கவேண்டுமென்று விதித்தவர் யார் என்னும் வினாவே கிட்டுகிறது.

படத்தில் விழாதது கணக்கிலும் விழுவதில்லை. இலங்கைப் பெண்கள் 1931ஆம் ஆண்டிலேயே வாக்குரிமை பெற்றனர். பல்கலைக்கழகங்களுக்குச் செல்வோரிலும் இன்று பெண்களே மிகுதி. ஆயினும், 2019ஆம் ஆண்டுத் தொழிற்படை அளவீட்டின்படி, ஆண்களுள் நூற்றுக்கு எழுபதுக்கு மேற்பட்டோர் தொழிற்படையில் இருக்க, பெண்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கினரே இருந்தனர். எஞ்சிய பெண்கள் வாளாவிருந்தவர்களா? சமைத்தலும் துவைத்தலும் பிள்ளை வளர்த்தலும் அந்தக் கணக்கேட்டில் தொழிலாக எண்ணப்படுவதில்லை என்பதே உண்மை.

இவ்வேற்றுமை எங்கே தொடங்குகிறது? தென் கொரியாவைச் சேர்ந்த ஒளிப்படக் கலைஞர் ஜியோங்மீ யூன் தம் சிறு மகள் இளஞ்சிவப்பு நிறத்தையே விரும்புவதைக் கண்டு, 2005ஆம் ஆண்டில் ஒரு முயற்சியைத் தொடங்கினார். பிள்ளைகளை அவரவர் அறையிலே, அவரவர் உடைமைகள் அனைத்தையும் சுற்றிப் பரப்பிவைத்துப் படமெடுத்தார். சிறுமியர் இளஞ்சிவப்புக் கடலிலும், சிறுவர் நீலக் கடலிலும் மூழ்கியிருப்பதுபோல் அப்படங்கள் தோன்றின. நிறத்தைவிடப் பொருள்களே மேலும் சிந்திக்கத் தக்கவை. சிறுமியரைச் சுற்றி ஒப்பனைப் பொருள்களும் சமையல் விளையாட்டுச் சாமான்களும். சிறுவரைச் சுற்றி இயந்திர மனிதரும் அறிவியல் சார்ந்த விளையாட்டுப் பொருள்களும். பிற்காலத்து வேலைப் பங்கீடு விளையாட்டுப் பெட்டியிலேயே முடிவாகிவிடுகிறது!

இதுவரை கூறியவை கலைஞர் எடுத்த படங்கள். கமராவைப் பெண்களிடமே கொடுத்தால் என்ன நிகழும் என்பதைச் சீனாவின் யுன்னான் மாகாணம் காட்டியது. 1990களின் தொடக்கத்தில் கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் என்னும் இரு பெண்மணிகள் அங்குள்ள 62 கிராமப் பெண்களுக்குக் கமராவைக் கையாளக் கற்பித்தனர். அப்பெண்கள் தங்கள் அன்றாட வாழ்வையே படமெடுத்தனர். தாய் வயலில் உழைக்க, பார்ப்பாரின்றிக் குழந்தை கிடக்கும் காட்சியும் படமாயிற்று. அவர்கள் கூடியிருந்து படங்களைத் தெரிந்தெடுத்தனர். அவற்றின் கதையைத் தாமே கூறினர். பின்னர் அதிகாரிகளின் முன் வைத்தனர். குழந்தை பராமரிப்பு, மருத்துவிச்சிப் பயிற்சி, பெண்பிள்ளைகளின் கல்விக்கு உதவி ஆகியன குறித்து நடவடிக்கை எடுக்க அப்படங்கள் துணைசெய்தன. 'படத்தின் குரல்' எனப் பொருள்படும் 'போட்டோவாய்ஸ்' என்னும் முறை இவ்வாறு தோன்றிப் பல நாடுகளின் இளைஞர்களிடமும் பரவியது.

இம்முறையில் ஒவ்வொரு படத்தின் முன்னும் ஐந்து வினாக்கள் எழுப்பப்படுகின்றன. இங்கே காண்பது யாது? உண்மையில் நடைபெறுவது யாது? இதற்கும் நம் வாழ்விற்கும் தொடர்பு என்ன? இந்நிலை ஏன் உளது? நாம் செய்யக்கூடியது யாது? முதல் வினாவுக்குக் கண்ணுள்ள எவரும் விடை கூறுவர். நான்காவது வினாவே மாணவரை வழக்கத்தின் வேருக்கு அழைத்துச் செல்கிறது. ஐந்தாவது, வகுப்பறையிலிருந்து வீட்டுக்கு அனுப்புகிறது.

இப்பயிற்சியை நம் பள்ளிகளிலும் நடத்துவது அரிதன்று. கைப்பேசி இன்று பல வீடுகளில் உண்டு. அஃது இல்லாத பிள்ளைக்குத் தாளும் வண்ணமும் போதும். ஒரு நாளில் தம் வீட்டில் யார் யார் எவ்வேலை செய்தனர் என்பதைப் படமாக்குமாறு ஆண், பெண் இருபாலாருக்கும் சொல்லலாம். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் இப்பணியைக் கொடுத்தல் பயன் தராது. தன் தட்டைக் கழுவுபவர் யாரென்று எண்ணிப் பாராத சிறுவன், அந்தக் கையைப் படமெடுக்கும்போதுதான் முதன்முறை காண்கிறான்.

ஒன்றை மறத்தல் கூடாது. பெண்ணின் படம் அவளது இசைவின்றிப் பரப்பப்பட்டால், அதனால் விளையும் துன்பத்தை அவளே சுமக்கிறாள். ஆதலின் படமெடுக்குமுன் அனுமதி கேட்டல், காட்டுமுன் மீண்டும் கேட்டல், மறுத்தால் மனமுவந்து விடுதல் ஆகியவை முதற்பாடமாக அமையவேண்டும். சமத்துவம் பற்றிய படமொன்றை ஒரு பெண்ணின் விருப்பத்தை மீறி எடுப்பது தன்னைத்தானே மறுக்கும் செயலன்றோ?

படங்களைப் பள்ளி மண்டபத்தில் தொங்கவிட்டுப் பெற்றோரை அழைத்துப் பாராட்டுவதோடு முயற்சி நின்றுவிடின், அதுவும் சுவர்ப்படமாகவே முடியும். யுன்னான் பெண்களின் படங்களுக்கு மதிப்பைத் தந்தது அவற்றின் அழகன்று. அவற்றின் பின் எழுந்த செயலே. தாயின் உழைப்பைப் படமெடுத்த மகன், மறுநாட் காலை துடைப்பத்தைத் தானே கையிலெடுப்பானாயின், அப்படம் தன் கடமையைச் செய்துவிட்டது எனலாம்.