தோள் பெல்ட் போட்டாச்சா?



ஆம்புலன்ஸில் ஏற்றிய நோயாளியின் தலை எந்தப் பக்கம் இருக்கும் என்று கவனித்திருக்கிறீர்களா? வழக்கமாக ஓட்டுநர் பக்கம் தலை, பின்கதவுப் பக்கம் கால். வண்டி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது என்றால், நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர். குறுக்கே ஒரு மாடு வந்து, ஓட்டுநர் பிரேக்கை மிதித்தால் வண்டி நின்றுவிடும். ஸ்ட்ரெச்சரில் கிடக்கும் உடம்போ அதே வேகத்தில் தலைப்பக்கமாக வழுக்கும்.

மார்பு, இடுப்பு, தொடை என்று குறுக்கே போடும் பெல்ட்டுகள் நோயாளி பக்கவாட்டில் உருளாமல் பிடித்துக்கொள்ளும். தலைப்பக்கம் வழுக்குவதைத் தடுக்க அவை மட்டும் போதாது. அந்த வேலையைச் செய்வது தோள் பெல்ட். அவசரத்தில் "இடுப்புல போட்டாச்சு, கிளம்பு" என்று மெத்தைக்கு அடியில் விட்டுவிடுவதும் அதைத்தான்.

போடுவதிலும் பக்குவம் உண்டு. இறுக்கமாக இருக்கலாம், மூச்சை அடைக்கக் கூடாது. மூச்சுத்திணறல் உள்ளவரைச் சாய்த்து உட்காரவைத்தாலும் தோள் பெல்ட் வேண்டும். கர்ப்பிணிக்கு வயிற்றின் மேல் போடாமல், ஒன்றை மார்புக்குக் குறுக்கே, இன்னொன்றை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பில் படியும்படி போட வேண்டும். எலும்பு முறிந்த இடத்தை அழுத்தக் கூடாது.

அடுத்தது பராமரிப்பு. பணி தொடங்கும்போதே பெல்ட் நாடாவின் இரு ஓரங்களையும் விரலால் தடவிப் பார்க்க வேண்டும். நூல் பிரிந்தது, தையல் விட்டது எல்லாம் கண்ணில் படும் முன்பே விரலுக்குத் தெரியும். பக்கிளை மாட்டி, 'டக்' என்று சத்தம் கேட்ட பிறகும் ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்க்க வேண்டும். உள்ளே மணலோ காய்ந்த ரத்தமோ இருந்தால், பூட்டியதுபோல் தெரியும், ஆனால் பிடிக்காது.

நாடாவில் ரத்தம் பட்டால் மேலாகத் துடைத்தால் போதாது, நெசவுக்குள் இறங்கிவிடும். கழற்றி, சோப்புத் தண்ணீரில் அலசி, தயாரிப்பாளர் சொன்ன கிருமிநாசினியைப் பயன்படுத்தி, நிழலில் உலர்த்த வேண்டும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்தால் கறை போகலாம், கூடவே நாடாவின் வலுவும் போகும். கிழிந்த பெல்ட்டை முடிச்சுப் போட்டோ தைத்தோ ஓட்டாமல், புதிதாக மாற்றிவிட வேண்டும். ஸ்ட்ரெச்சர் காலியாக இருக்கும்போதும் பெல்ட்டுகளைப் பூட்டியே வைக்க வேண்டும்; தொங்கினால் சக்கரத்தில் சிக்கும்.

உடன் வரும் உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. "வலியில துடிக்கிறாங்க, பெல்ட்டக் கழட்டி விடுங்க" என்று கேட்காதீர்கள். எங்கே அழுத்துகிறது என்று மருத்துவ உதவியாளரிடம் சொல்லுங்கள், அவர் சரிசெய்வார். கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போகிறேன் என்று அடம்பிடிக்காதீர்கள். பிரேக் அடிக்கும் நொடியில் எந்தத் தாயின் கையாலும் தாங்கிப் பிடிக்க முடியாது. குழந்தைக்கென்று உள்ள பிடிமானத்தைக் கேளுங்கள். உங்கள் இருக்கை பெல்ட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி கிளம்பும் முன், "தோள் பெல்ட் போட்டாச்சா?" என்று தயங்காமல் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.