வாக்குறுதியை அளந்து வாங்குவோம்!

(மண்டகப்பட்டில் உள்ளாட்சித் தேர்தல் குறித்து ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சட்டமன்றத் தேர்தல் என்றால் இரவு முழுவதும் கண்விழித்து முடிவு பார்க்கிறோம். ஊராட்சித் தேர்தல் என்றால் மட்டும், ‘நம்ம ஆள் நிற்கிறார், போய் ஒரு குத்து குத்திவிட்டு வருவோம்’ என்று சுலபமாக முடித்துக் கொள்கிறோம். ஆனால் விடிந்ததும் திறக்கிற குழாய், பிள்ளைகள் நடந்து போகிற தெரு, இருட்டினால் எரிய வேண்டிய விளக்கு, மழை வந்தால் ஓட வேண்டிய சாக்கடை, கடைசியில் நம்மைத் தூக்கிக்கொண்டு போகிற பாதை, இவை எல்லாம் யார் பொறுப்பு? முதலமைச்சர் பொறுப்பா? பிரதமர் பொறுப்பா? இல்லை. 1994-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இவற்றைக் கிராம ஊராட்சியின் கட்டாயக் கடமைகள் என்று சொல்லியிருக்கிறது. செய்தால் நல்லது என்றல்ல, செய்தே ஆகவேண்டும் என்று!

ஆகவே வாக்குக் கேட்டு வருகிற வேட்பாளர் எதை முதலில் வைக்க வேண்டும், நாம் எதை முதலில் கேட்க வேண்டும் என்பதை இன்று சிந்திப்போம்.

உறுப்பினர் இல்லாத ஐந்து ஆண்டுகள்

முதலில் ஒரு பழைய கணக்கு. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. அதே மாதம் பழைய உறுப்பினர்களின் பதவிக்காலமும் முடிந்தது. பிற மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. மாவட்டங்கள் பிரிக்கப்பட்டதால் நமது விழுப்புரம் உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்கள் மட்டும் மேலும் காத்திருந்து, 2021 அக்டோபர் 6-லும் 9-லும்தான் வாக்களித்தன. முழுதாக ஐந்து ஆண்டுகள்! ஒரு பதவிக்காலமே பறிபோயிற்று. அந்த ஐந்து ஆண்டுகளும் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் பார்த்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியமும் தமிழகத்துக்கு நிறுத்தி வைக்கப்பட்டது.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவது? அலுவலரின் வீடு எந்த ஊரில் இருக்கிறது என்றே மக்களுக்குத் தெரியாது. ஊராட்சித் தலைவர் நல்லவரோ கெட்டவரோ, நம் தெருவில் நடந்து போயாக வேண்டும். அந்த ஒரு காரணத்துக்காகவே அவர் வேண்டும்.

2019-இல் தேர்தல் கண்ட மாவட்டங்களிலும் 2025 ஜனவரியில் காலம் முடிந்ததும் பொறுப்பு மீண்டும் தனி அலுவலர்களிடம் போயிற்று. 2021 அக்டோபரில் பொறுப்பேற்ற நமது மன்றங்களுக்கு ஐந்தாண்டுக் கணக்கு 2026 அக்டோபர். எனவே வேட்பாளர் யாராக இருந்தாலும், எந்தக் கட்சியாக இருந்தாலும், ‘தேர்தல் உரிய காலத்தில் நடக்க வேண்டும்’ என்பதே அவருடைய முதல் கொள்கையாக இருக்கட்டும். உரிய காலத்தில் தேர்தல் கேட்காதவர் நாளை நமக்காக வேறு எதைக் கேட்கப் போகிறார்?

எவருக்கு எந்த அதிகாரம்?

2021 தேர்தலின்போது நமது மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 688 ஊராட்சிகள், மாவட்ட ஊராட்சிக்கு 28 உறுப்பினர் இடங்கள். ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் கட்சிச் சின்னம் இல்லாமல் நிற்பவர்கள். ஒன்றிய உறுப்பினரும் மாவட்ட உறுப்பினரும் கட்சிச் சின்னத்தில் நிற்பவர்கள். நான்கு பேரும் வந்து, ‘ரோடு போடுவேன், லைட் போடுவேன், வேலை வாங்கித் தருவேன்’ என்று ஒரே பாட்டைப் பாடுவார்கள். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம்.

தெரு விளக்கும் குழாயும் கிராம ஊராட்சியின் வேலை. நூறு ஏக்கருக்குக் குறைவாகப் பாசனம் தருகிற சிறிய ஏரி ஒன்றியத்தின் பொறுப்பில் வரும், அதற்கு மேற்பட்ட ஏரி பொதுவாக நீர்வளத் துறையிடம் இருக்கும். மாவட்ட ஊராட்சிக்குப் பெரும்பாலும் ஆலோசனை சொல்லும் அதிகாரமே உண்டு. ஆனால் மாவட்டத் திட்டக் குழுவுக்கு மாவட்ட ஊராட்சித் தலைவரே தலைவர். மாவட்டத்துக்கு என்ன தேவை என்று திட்டம் வகுக்கும் இடம் அது.

எனவே வார்டு உறுப்பினரிடம் மேம்பாலம் கேட்காதீர்கள். மாவட்ட உறுப்பினரிடம் பல்பு கேட்காதீர்கள். அவரவர் கையில் இருப்பதை அவரவரிடம் கேளுங்கள். தன் கையில் இல்லாததைத் தருவதாகச் சொல்பவரைச் சந்தேகியுங்கள்.

முன்னுரிமை ஒன்று: தண்ணீர்

2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலை நாம் மறக்க முடியாது. மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை! ஆண்டு முழுவதும் பெய்ய வேண்டியதில் ஏறத்தாழ பாதி ஒரு நாளில் கொட்டியது. தென்பெண்ணை கரை மீறியது. வீடு, நெல், மாடு எல்லாம் போயின. ஆனால் அதே மாவட்டத்தில்தான் கோடையில் குடம் தூக்கிக்கொண்டு நிற்கிறோம். வெள்ளமும் பஞ்சமும் ஒரே ஊரில் எப்படி வருகின்றன? வரத்துக் கால்வாய் தூர்ந்து கிடக்கிறது, ஏரி மேடாகிவிட்டது, கலங்கலுக்குக் கீழே வீடு கட்டியாயிற்று. வந்த தண்ணீர் ஏரிக்குள் போகாமல் வீட்டுக்குள் வருகிறது!

நல்ல வேட்பாளர், பதவியேற்ற முதல் ஆண்டிலேயே தன் எல்லைக்குள் உள்ள ஏரி, குளம், குட்டை, வரத்துக் கால்வாய் அனைத்துக்கும் பட்டியல் எடுத்து ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுத வேண்டும். எது எவர் பொறுப்பு, எதில் எவ்வளவு ஆக்கிரமிப்பு என்று ஊருக்குத் தெரியட்டும். பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். 15-ஆவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரை தந்த மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேமிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கென்றே ஒதுக்கப்பட்டது. அந்தப் பணம் நம் ஊரில் எங்கே போயிற்று என்று கேட்பதே தேர்தலின் முதல் கேள்வி.

முன்னுரிமை இரண்டு: நிலைத்து நிற்கும் வேலை

இந்த மண்டகப்பட்டுக்கு ஒரு பெருமை உண்டு. சுமார் 1400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் இங்கே பாறையைக் குடைந்து கோவில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் அமைத்ததாக அங்கேயே கல்வெட்டில் பொறித்து வைத்தான். இன்றும் நிற்கிறது. அதே மாவட்டத்தில், தளவானூரில் தென்பெண்ணை ஆற்றின் குறுக்கே சுமார் 25 கோடி ரூபாயில் கட்டிய தடுப்பணை 2020-இல் திறக்கப்பட்டு 2021 ஜனவரியில் உடைந்தது! அது பொதுப்பணித் துறையின் வேலை, ஊராட்சி வேலை அல்ல. ஆனால் பாடம் ஒன்றே. போட்ட மூன்றாம் மாதம் பெயர்கிற சிமென்ட் சாலை நம் ஊரிலும் இல்லையா?

வேட்பாளர் இப்படிச் சொல்லட்டும்: ‘ஒவ்வொரு வேலைக்கும் மதிப்பீடு எவ்வளவு, ஒப்பந்தக்காரர் யார், எத்தனை நாளில் முடிய வேண்டும் என்று வேலை நடக்கும் இடத்திலேயே பலகை வைப்பேன்.’ இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். ஒரு தகரப் பலகையும் நேர்மையும் போதும்.

முன்னுரிமை மூன்று: கிராம சபை

ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாட்களும் சேர்ந்து ஆண்டுக்கு ஆறு கிராம சபைகள். 501 முதல் 3000 பேர் வரை உள்ள ஊராட்சியில் 100 பேர் வந்தால்தான் அது செல்லும். எத்தனை ஊரில் 100 பேர் உண்மையில் உட்காருகிறார்கள்? பதிவேடு வீடு வீடாகப் போகிறது, கையெழுத்து சேர்கிறது, கூட்டம் நடந்ததாகிறது! வெற்றுத் தாளில் கையெழுத்துப் போடுகிறவன் தன் தெருவிளக்கைத் தானே அணைக்கிறான்.

2021 தேர்தலின்போது நமது மாவட்டத்திலேயே தலைவர் பதவியும் துணைத் தலைவர் பதவியும் ஏலம் விடப்பட்டதாகச் செய்திகள் வந்தன. துணைத் தலைவர் பதவிக்கு ஏன் விலை? தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் வெளியே வரும். ஏலத் தொகை கோவிலுக்குப் போனாலும் பள்ளிவாசலுக்குப் போனாலும், எடுத்தவர் அதை நம் குழாயிலிருந்தும் சாக்கடையிலிருந்தும்தான் திரும்ப எடுப்பார். அப்படிப்பட்ட பணத்தில் எழும் சுவர் எந்த வழிபாட்டுத் தலத்துக்கும் அழகல்ல.

முன்னுரிமை நான்கு: நாற்காலி

1996-இல் புதிய சட்டப்படி முதல் தேர்தல் நடந்தது. மறுஆண்டே, 1997-இல், மேலவளவில் தலித் தலைவர் முருகேசனும் அவருடன் ஐவரும் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். செய்த குற்றம், தலைவர் பதவிக்கு நின்று வென்றது! 2020-இல் பக்கத்துக் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் உட்கார வைக்கப்பட்டார். 2016-இல் பெண்களுக்கு 50 சதவீத இடம் சட்டமாயிற்று. ஆனால் பல ஊர்களில் மனைவி பெயரில் கணவர் ‘தலைவர்’ என்று சால்வை வாங்கிக் கொள்கிறார்.

வேட்பாளரிடம் கேளுங்கள்: நாற்காலியில் யார் உட்காருவார்? பேனா யார் கையில் இருக்கும்?

நமக்கென்று தனியாக ஒன்றா?

இப்போது நமது சமுதாயத்துக்கு ஒரு வார்த்தை. நமது மாவட்டத்துக் கிராமங்கள் பலவற்றில் நாம் பத்து வீடு, இருபது வீடு. வேட்பாளர் வருவார். ‘உங்க கபர்ஸ்தானுக்குச் சுற்றுச்சுவர் கட்டித் தருகிறேன் பாய்’ என்பார். நாமும் மகிழ்ந்து போவோம். சகோதரர்களே! அடக்கத்தலத்தையும் சுடுகாட்டையும் பராமரிப்பது ஊராட்சியின் சட்டப்படியான கடமை. அது சலுகை அல்ல. நமக்கு உரியதையே நமக்கு விலையாகத் தந்து வாக்கை வாங்கிப் போவதை எத்தனை காலம் அனுமதிப்பது?

அதுமட்டுமல்ல. நம் ஜனாஸாவுக்குப் பாதை இல்லாத ஊரில், காலனி மக்களின் சுடுகாட்டுக்கும் பெரும்பாலும் பாதை இருக்காது. மழைக்காலத்தில் அவர்களும் வயல் சேற்றில்தான் பாடை சுமக்கிறார்கள். ‘எங்கள் பாதை’ என்று தனியாகக் கேட்டால் பத்து வீட்டுக் குரல். ‘இந்த ஊரில் எல்லா மையத்துக்கும், எல்லாப் பிணத்துக்கும் பாதை வேண்டும்’ என்று சேர்ந்து கேட்டால் அது ஊரின் குரல். தேசிங்குராசனோடு அவனுடைய இஸ்லாமியத் தோழனும் களத்தில் மடிந்த கதையைப் பாடிய செஞ்சிச் சீமை இது. சேர்ந்து நிற்பது நமக்குப் புதிதல்ல.

செய்ய வேண்டியது என்ன?

வேட்பாளரின் வாக்குறுதிகளை எழுதி வாங்குங்கள். ஒரு பக்கம் போதும். கீழே அவருடைய கையெழுத்து இருக்கட்டும். அதற்கு நகல் எடுத்து டீக்கடையிலும் ரேஷன் கடையிலும் ஒட்டுங்கள். பதவியேற்ற பின் வரும் முதல் கிராம சபைக்கு அந்தத் தாளோடு போங்கள். பெண்களையும் அழைத்துப் போங்கள். தண்ணீரின் கணக்கு அவர்களுக்குத்தான் நம்மைவிட நன்றாகத் தெரியும். தீர்மானப் பதிவேட்டில் எழுதியதைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

வாக்களிப்பது ஒரு நாள் வேலை. கணக்குக் கேட்பது ஐந்தாண்டு வேலை. அந்த ஐந்தாண்டு வேலைக்குத் தயாராக இருக்கிற ஊருக்கே நல்ல தலைவர் கிடைப்பார்.